வெளிநாட்டு மாணவருக்கு வழித்துணையாக இருப்பது எப்படி: ஜெர்மனி பட்டி புரோகிராமுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனியில் படிக்கும் நமக்குப் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் இருந்து "பட்டி புரோகிராமில் (Buddy Program, புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு வழித்துணையாக இருப்பது) சேர விருப்பமா?" என்று ஒரு மெயில் வரும். நாமும் ஒரு உற்சாகத்தில் பெயர் கொடுத்துவிடுவோம். கொஞ்ச நாளில் மெக்சிகோவில் இருந்தோ வியட்நாமில் இருந்தோ வரப்போகும் ஒருவருடைய பெயரும் மெயில் முகவரியும் கைக்கு வரும். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. ஊரைச் சுற்றிக் காட்டுங்கள், ஒரு காபி குடியுங்கள் என்கிற அளவில்தான் கையேடு இருக்கும்.

சில செமஸ்டர்களாக இந்த வேலையைச் செய்துகொண்டும், புதிதாகச் சேர்ந்த வழித்துணைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டும் வந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஜெர்மனியில் ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எது எதைத் தடுத்து நிறுத்துகிறது என்று தெரிந்து, அந்த வரிசையில் புதியவரை நகர்த்துவதுதான் நம் முக்கிய வேலை, ஊர் சுற்றலும் காபியும் அதற்குப் பிறகு.

1. பெயர் கொடுக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கும். புதியவர்கள் வந்து இறங்குவது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும். நம்மில் பலர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவதும் அதே சமயம்தான். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வழிகாட்டிவிடலாம் என்று நினைத்தால் தயவுசெய்து சேராதீர்கள். ஏப்ரலில் தொடங்கும் செமஸ்டருக்குப் பெயர் கொடுங்கள், அப்போது வருகிறவர்களும் குறைவு, அலுவலகங்களில் கூட்டமும் குறைவு.

நேரம் எல்லா வாரமும் ஒரே மாதிரி தேவைப்படாது. வந்திறங்கிய முதல் இரண்டு வாரம் கடுமையாக இருக்கும், தேர்வுக்குப் பதிவு செய்யும் சமயம் ஒருமுறை, நவம்பருக்கு மேல் இன்னொருமுறை. மற்ற நாட்களில் ஒரு மெசேஜ் போதும்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்த விவரங்களில் பாதி பழசாகியிருக்கும். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு) மாதத்துக்கு 934 யூரோ என்று இருந்தது 2024 செப்டம்பரில் 992 ஆனது, வருடத்துக்கு 11,904. மாணவர் விசாவில் வருடத்துக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச்சில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று மாறியது. நாடு முழுவதும் உள்ளூர்ப் போக்குவரத்தில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023-இல் 49 யூரோவுக்கு வந்து, 2025-இல் 58 ஆகி, 2026-இல் 63-க்குப் போய்விட்டது. "நான் வந்தப்போ இப்படித்தான்" என்று தொடங்கும் எதையும் சொல்வதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சீனியர் சொன்னார் என்பதற்காகவே தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு அலைந்தவர்கள் நிறையப் பேர்.

2. முதல் மெயிலில் மூன்றே கேள்விகள்

விவரம் கைக்கு வந்ததும் அன்றே எழுதுங்கள். பெரும்பாலான வழித்துணைகள் செய்யும் முதல் தவறு இந்த மெயிலில்தான்: தனக்குத் தெரிந்ததை எல்லாம், குப்பை பிரிப்பதில் இருந்து சைக்கிள் லைட் அபராதம் வரை, ஒரே மூச்சில் கொட்டிவிடுவது. அந்தப் பக்கம் படிக்கிறவருக்கு விசாவே வந்திருக்காது.

கேட்க வேண்டியது மூன்று. எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள்? தங்க இடம் உறுதியாகிவிட்டதா? மருத்துவக் காப்பீடு எதில் எடுத்திருக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் அடுத்த ஒரு மாதத்துக்கான வேலை முழுவதும் உங்கள் கண்முன் வந்துவிடும்.

கூடவே ஒரு வரி சேருங்கள்: பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம், பட்டச் சான்றிதழ்கள், காப்பீட்டுக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் சான்று, சில பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இவை எல்லாம் கைப்பையில் வரவேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தால் இரண்டு நாள் வேலை நின்றுபோகும்.

எதையும் ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அடுத்தவர் பாஸ்போர்ட் நகல் நம் போனில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

3. வீடு: முகவரி இல்லாமல் எதுவும் நகராது

மாணவர் நல அமைப்பான ஷ்டூடியரண்டன்வெர்க்கின் ஹாஸ்டலில் அறை கிடைத்திருந்தால் பாதிக் கவலை விட்டது. கிடைக்காதவர்கள் வே-கே எனப்படும் பகிர்வு வீடுகளைத் தேடுவார்கள், அங்கேதான் ஏமாற்றுப் பேர்வழிகள் காத்திருப்பார்கள். "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒரு கதை வரும். வீட்டை நேரிலோ, நம்பிக்கையான ஒருவர் மூலமாகவோ பார்க்காமல் ஒரு சென்ட் கூட அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நேரம் இருந்தால் நீங்களே போய்ப் பார்த்து வீடியோ காலில் காட்டலாம், பத்து நிமிட வேலை, பெரிய உபகாரம். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கேட்கவேண்டியது, அந்த முகவரியில் ஆன்மெல்டுங், அதாவது ஊர்ப்பதிவு, செய்ய முடியுமா என்பது. வீட்டுக்காரர் ஒரு கையெழுத்துக் காகிதம் தரவேண்டும். இன்னார் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார் என்கிற அந்த ஒரு பக்கம் இல்லாமல் பதிவு நடக்காது. சிலர் உள்வாடகைக்கு விட்டுவிட்டு இதைத் தர மறுப்பார்கள். தற்காலிகமாக ஒரு மாதம் தங்க அந்த இடம் பரவாயில்லை, ஆனால் அடுத்த இடத்தை உடனே தேடத் தொடங்கவேண்டும்.

ஹாஸ்டல் சாவி விஷயம் தனி. சாவி தருவது ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர். அவர் வார நாட்களில், பல இடங்களில் காலை நேரத்தில் மட்டும்தான் இருப்பார். வெள்ளிக்கிழமை இரவு விமானம் எடுத்து வருகிறவர் திங்கள் காலை வரை தெருவில்தான். டிக்கெட் போடும் முன்பே அந்த நேரத்தைச் சொல்லிவிட்டால் தேவையில்லாமல் மூன்று இரவு ஹோட்டல் செலவு மிச்சம். அதோடு அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அறை ஒப்பந்தம் பெரும்பாலும் அக்டோபர் 1-இல் தொடங்கும், அதற்கு மறுநாளுக்கு மறுநாள் எல்லாம் மூடியிருக்கும் என்பது வெளிநாட்டில் இருந்து வருகிறவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

4. வந்திறங்கும் நாள்: குறைவாகச் செய்யுங்கள்

ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள். எந்த வாசலில், என்ன நிறச் சட்டையில் நிற்கிறீர்கள் என்று முன்கூட்டியே மெசேஜ் போடுங்கள், ஏனென்றால் இறங்குகிறவர் போனில் நெட் இருக்காது. ரயில் தாமதமாகும், அதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு பேசி வையுங்கள்.

அன்றைக்குத் தேவை நான்கு: சாவி, படுக்கை, சாப்பாடு, இணையம். ஹாஸ்டல் அறையில் மெத்தை மட்டும் இருக்கும், போர்வையும் தலையணையும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகளையும் சில பேக்கரிகளையும் தவிர ஊரே பூட்டிக் கிடக்கும், அதனால் ஒரு ரொட்டி, கொஞ்சம் பழம், ஒரு பாட்டில் தண்ணீர், பழைய போர்வை ஒன்று, இதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் செய்துகாட்டுங்கள். கதவின் வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது, அசையாத குமிழ் ஒன்றுதான் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் பூட்டிக்கொண்ட மாதிரிதான். பல் தேய்க்க டவலோடு வெளியே வந்து, பின்னால் "டக்" என்று சத்தம் கேட்டு, சாவி உள்ளே மேசை மேல் இருக்க நடுக் காரிடரில் நிற்பவர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் உண்டு. இரவிலோ வார இறுதியிலோ பூட்டுத் திறக்க ஆளைக் கூப்பிட்டால் பில் நூறு யூரோவைத் தாண்டும். நீங்கள் வெளியே நின்று, கதவைச் சாத்தி, குமிழைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள் (சாவியை முதலில் பையில் போட்டுக்கொண்டுதான்). வாயால் சொன்னால் மறந்துவிடுவார், கையால் திருகிப் பார்த்தால் மறக்கமாட்டார்.

அன்று இரவு நண்பர்கள் எல்லோரையும் அறிமுகப்படுத்துகிறேன் என்று இருபது பேர் பார்ட்டிக்கு இழுத்துப் போகவேண்டாம். ஒரு பெயரும் மனதில் நிற்காது. தூங்கவிடுங்கள்.

5. முதல் இரண்டு வாரம்: வரிசைதான் எல்லாம்

இந்தப் பகுதியை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் மேலே போய்விடும்.

முதலில் தபால் பெட்டி. ஆமாம், ஆன்மெல்டுங்குக்கும் முன்னால். கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் அவருடையது எது என்று பார்த்து, பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை அதில் ஒட்டவேண்டும். தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி கார்டு ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில், வரி எண் வேறொன்றில், காப்பீட்டு அட்டை மற்றொன்றில் என்று முதல் மாதத்தில் வரும் முக்கியமான எல்லாமே தபால்தான். வரி எண் வரவில்லை என்று வாரக்கணக்கில் புலம்பிய ஒருவரின் பெட்டியைப் போய்ப் பார்த்தால், முந்தைய குடியிருப்பவரின் பெயர் மேல் செலோ டேப் மஞ்சளாகிப்போய் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆன்மெல்டுங். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்யவேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் அந்த இரண்டு வாரத்துக்குள் டெர்மின் (முன்பதிவு நேரம்) கிடைப்பதே பாடு, ஆகவே முகவரி உறுதியானதுமே, ஆள் வரும் முன்பே, ஆன்லைனில் டெர்மின் எடுக்கச் சொல்லுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்குப் பார்த்தால் ரத்தான இடங்கள் தென்படும். கிடைத்த தேதி தள்ளிப்போனால் அந்த உறுதி மெயிலைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும், இங்கே நிறுத்தி விளக்குங்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் பின்னால் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி சேரும். கொலம்பியாவில் இருந்தோ பிலிப்பைன்ஸில் இருந்தோ வருகிறவருக்கு இது கேள்விப்படாத விஷயம். என்ன எழுதவேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அது அவருடைய நம்பிக்கை. விளைவை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

மூன்றாவது காப்பீடும் சேர்க்கையும். அரசுக் காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பினால்தான் சேர்க்கை முடியும், சேர்க்கை முடிந்தால்தான் மாணவர் அட்டையும் பயணச்சீட்டும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு இதற்குப் போதாது. இதில் ஒரு குழி உண்டு. 30 வயதுக்கு உட்பட்டவர் அரசுக் காப்பீட்டில் இருந்து விலக்கு வாங்கிக்கொண்டு மலிவான தனியார் காப்பீட்டுக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பி வரமுடியாது. மாதம் சில யூரோ மிச்சம் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடும் முன் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள். 30-ஐத் தாண்டியவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்களையும் நேராக அங்கேயே அனுப்புங்கள்.

நான்காவது வங்கி. பிளாக்டு அக்கவுண்டில் இருந்து மாதாமாதம் வரும் பணம் இறங்க ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் ஆன்மெல்டுங் சான்றைக் கேட்கும், அதனால்தான் இது நான்காவது. நடுவில் ஓட்டுவதற்குக் கையில் ஒரு மாதச் செலவுக்காவது பணம் வேண்டும் என்று இரண்டாவது மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

ஐந்தாவது தங்கும் அனுமதி. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு இது தேவையில்லை. மற்றவர்களில் விசாவோடு வந்தவர்கள் அது முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பித்திருக்கவேண்டும். விசாவில் தேதி ஆறு மாதம் தள்ளி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவார்கள். டெர்மின் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் ஊர்கள் இருக்கின்றன, எனவே ஆன்மெல்டுங் கையில் கிடைத்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

6. கவுண்டரில் உங்கள் இடம் பக்கத்து நாற்காலி

அலுவலகத்துக்கு முதல் தடவை கூடப் போங்கள், பேசாதீர்கள். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். அதிகாரி ஜெர்மனில் கேட்டதும் நமக்குத் தெரிகிறதே என்று வாய் தானாகத் திறந்துவிடும், அடுத்த நிமிடம் அதிகாரி உங்களைப் பார்த்தே பேசத் தொடங்குவார், புதியவர் தன்னைப் பற்றிய பேச்சில் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த வேலைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார், கூப்பிடாமல் என்ன செய்வார்?

முந்தைய நாள் மாலை மென்சாவில் (பல்கலைக்கழக உணவகம்) உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். நீங்கள் அதிகாரி. "குட்டன் மோர்கன், இஷ் மோஷ்டெ மிஷ் ஆன்மெல்டன்" (காலை வணக்கம், நான் பதிவு செய்ய வந்திருக்கிறேன்) என்று அவர் தொடங்கட்டும். பாஸ்போர்ட் கேளுங்கள், வீட்டுக்காரர் காகிதம் கேளுங்கள், எப்போது குடிவந்தீர்கள் என்று கேளுங்கள். நான்கைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். காகிதங்களைக் கேட்கும் வரிசையில் ஃபைலில் அடுக்கி வைத்தால் பாஷை பாதி தேவையே இல்லை.

அங்கே போனபிறகு அவர் சிக்கிக்கொண்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் வாயைத் திறங்கள். ஆங்கிலத்தில் பேச மறுக்கும் அதிகாரியிடம் கோபப்படவேண்டாம், அலுவல் மொழி ஜெர்மன், அவர் விதிப்படிதான் நடக்கிறார்.

போனையும் பிடுங்காதீர்கள். ஆன்லைன் படிவம் நிரப்பும்போது "குடு, நான் பண்ணித் தர்றேன்" என்று வாங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவது நமக்கு வேகம், அவருக்கு நஷ்டம். கடவுச்சொல் எது, எந்த மெயில் முகவரி கொடுத்தோம் என்று மூன்று மாதம் கழித்து அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

7. வரும் கடிதங்கள், போடும் கையெழுத்துகள்

வாரம் இருமுறை தபால் பெட்டியைத் திறக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். விளம்பரம் எது, அரசுக் கடிதம் எது என்று முதல் மாதம் அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொழிபெயர்ப்பு ஆப்பில் படம் பிடித்துப் படித்துவிட்டு, தேதியோ தொகையோ இருந்தால் மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். மஞ்சள் உறையில் வந்தால் அன்றே பார்க்கவேண்டும், உறையின் மேல் எழுதியிருக்கும் தேதியில் இருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும், ஆகவே உறையையும் தூக்கிப் போடக்கூடாது.

ஆன்மெல்டுங் முடிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டிவியே இல்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை, இது வீட்டுக்கு ஒன்று. பகிர்வு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால் அவருடைய எண்ணைப் பதிலில் எழுதினால் போதும், மாதாமாதம் பங்கு கொடுத்துவிடலாம். பதிலே போடாமல் இருந்தால் கட்டணம் சேர்ந்துகொண்டே போகும்.

போன் கடையில் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் வந்தவர் என்றால் இன்னும் முக்கியம். ப்ரீபெய்டு சிம் போதும். ஜிம்முக்கும் இதே கதைதான்.

8. வகுப்புக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு

கால அட்டவணையில் 10 மணி, பக்கத்தில் சி.டி. என்று இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10.15-க்கு, எஸ்.டி. என்றிருந்தால் சரியாக 10-க்கு. முதல் நாள் காலியான ஹாலில் தனியாக உட்கார்ந்து, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று எழுந்து போய்விடுவார்கள். இது சின்ன விஷயம், ஒரு வரியில் முடிந்துவிடும்.

பெரிய விஷயம் தேர்வுப் பதிவு. வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டோம், தவறாமல் போகிறோம், வீட்டுப்பாடமும் கொடுக்கிறோம், அப்படியென்றால் தேர்வு எழுதலாம் என்றுதான் உலகின் பாதி நாடுகளில் இருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். இங்கே தேர்வுக்குத் தனியாக, வேறொரு தளத்தில், குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் பதிவு செய்யவேண்டும். அந்தச் சாளரம் மூடிவிட்டால் பேராசிரியரே நினைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது, செமஸ்டர் உழைப்பு அப்படியே போய்விடும். உங்கள் துறையின் கெடு தேதி வந்ததும் இருவர் காலண்டரிலும் போட்டு, பதிவு செய்த உறுதிப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டாரா என்று கேளுங்கள். "பண்ணிட்டேன்" என்ற பதிலை நம்பாதீர்கள், பிடிஎஃப்-ஐ நம்புங்கள்.

பல பாடத்திட்டங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவதிலும் தோற்றால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகலாம். ஆகவே "சும்மா எழுதிப் பார்" என்கிற ஊர் அறிவுரை இங்கே ஆபத்து. தயாராகவில்லை என்றால் விலகும் கெடுவுக்குள் விலகவேண்டும், தேர்வு நாளில் உடம்பு சரியில்லை என்றால் அன்றே டாக்டர் சான்றிதழ் வாங்கவேண்டும்.

மதிப்பெண் தலைகீழ்: 1.0 சிறந்தது, 4.0 தேறியது, 5.0 தோல்வி. 2.3 வாங்கிவிட்டு அழுத ஒருவரை எனக்குத் தெரியும், அது நல்ல மதிப்பெண் என்று புரியவைக்க நேரம் பிடித்தது.

9. நவம்பரில் பதில் வராமல் போகும்

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதன் பிறகு மதிய வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. நவம்பர் கடைசியில் நான்கு, நாலேகால் மணிக்கே விளக்குப் போடவேண்டும். வந்த புதிதில் இருந்த பரபரப்பு அடங்கி, காகித வேலை எல்லாம் முடிந்து, பாடம் புரியாமல் போகத் தொடங்கும் நேரமும் இதுதான். வழித்துணைகள் தங்கள் வேலை முடிந்தது என்று காணாமல் போவதும் இதே நேரத்தில். புரோகிராமின் கணக்கில் வரவேற்பு வாரம் முடிந்தால் கடமை முடிந்தது, என் கணக்கில் நவம்பரில்தான் வழித்துணை நிஜமாகத் தேவை.

"எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். அதனால் கேள்வி கேட்காதீர்கள், வேலை சொல்லுங்கள். "புதன்கிழமை ஆறு மணிக்குச் சாம்பார் வைக்கிறேன், வெங்காயம் வாங்கிட்டு வந்துடு" என்று ஒரு மெசேஜ். அது அழைப்பு மாதிரி இல்லை, மறுப்பதும் கஷ்டம். வெங்காயம் நறுக்கும்போது பேச்சு தானாக வரும்.

இரண்டு வாரமாகப் பதில் இல்லை, வகுப்புக்கும் வரவில்லை, தபால் பெட்டி நிறைந்து வழிகிறது என்றால் போய்க் கதவைத் தட்டுங்கள். அதற்கு மேல் உங்களால் ஆகாது என்று தோன்றினால் உங்களால் ஆகாதுதான். ஷ்டூடியரண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனை பெரும்பாலான இடங்களில் உண்டு, டெர்மின் எடுக்கக் கூட உட்கார்ந்து உதவலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 112. இரவில், வார இறுதியில், அவசரம் இல்லாத உடல்நலக் குறைவுக்கு 116117. இந்த இரண்டு எண்களையும் முதல் வாரமே அவர் போனில் சேமித்திருக்கவேண்டும்.

10. செய்யக்கூடாதவை

பெரிய தொகை கடன் கொடுக்காதீர்கள், பிளாக்டு அக்கவுண்ட் பணம் வர இரண்டு நாள் ஆகிறது என்றால் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். வாடகைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்காரர் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும். உங்கள் முகவரியில் அவரை ஆன்மெல்டுங் செய்யவிடாதீர்கள், அங்கே குடியிராதவரைப் பதிவது சட்டவிரோதம், அபராதம் உங்களுக்கும் சேர்த்து.

விசா சட்டத்துக்கு விளக்கம் சொல்லாதீர்கள். "படிப்பை மாற்றினால் விசா போகுமா?", "கூடுதல் நாள் வேலை செய்தால் தெரியவா போகுது?" என்றெல்லாம் கேட்பார்கள். யார் பதில் சொல்லவேண்டுமோ அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லுங்கள், அது போதும்.

இரவு பத்துக்கு மேல் அவசரம் தவிர மெசேஜுக்குப் பதில் வராது என்று முதல் வாரமே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. ஒத்தே வரவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

11. வருகிறவர் தமிழ் ஆளாக இருந்தால்

சில சமயம் மதுரையில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ ஒருவர் உங்கள் பெயருக்கு வந்து சேர்வார். எளிது என்று நினைப்போம், உண்மையில் இதுதான் கஷ்டம். வந்த நிமிடமே நீங்கள் அண்ணாவோ அக்காவோ ஆகிவிடுவீர்கள், "அண்ணா, உங்களுக்குத் தெரியாததா, நீங்களே பாத்துப் பண்ணிடுங்க" என்று ஃபைலே உங்கள் கைக்கு வந்துவிடும். ஆறாவது பகுதியில் சொன்னதை இங்கே இரட்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும். தம்பி என்று கூப்பிடுங்கள், பிரியாணி செய்து போடுங்கள், படிவத்தை மட்டும் தம்பியே நிரப்பட்டும்.

இன்னொரு சிக்கல், தமிழ் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் அவருக்கு வேறு யாரும் தேவைப்படாமல் போவது. குழு வேண்டும், தீபாவளிக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் முதல் மாதத்தில் வகுப்பில் கூடப் படிக்கும் இரண்டு பேரையாவது அறிமுகப்படுத்திவிடுங்கள், ஜனவரியில் நோட்ஸ் அவர்களிடம்தான் இருக்கும்.

12. கடைசி வேலை: அடுத்த செமஸ்டருக்கான பணம்

ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ரூக்மெல்டுங் வரும், அதாவது அடுத்த செமஸ்டரும் தொடர்கிறேன் என்று செமஸ்டர் கட்டணம் கட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. கெடு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பெரும்பாலும் தேர்வு நெருக்கடியின் நடுவில் வந்து நிற்கும், அறிவிப்பு பல்கலைக்கழக மெயிலுக்கு மட்டும்தான் போகும், அந்த மெயிலைத்தான் யாரும் திறப்பதில்லை. தாமதமானால் அபராதம், அதற்கும் மேல் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், பெயர் நீங்கினால் காப்பீடும் தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். டிசம்பரிலேயே பல்கலைக்கழக மெயிலை அவருடைய சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு செய்யவைத்துவிடுங்கள்.

பணம் அனுப்பும்போது குறிப்பு என்ற கட்டத்தில் மாணவர் எண்ணை, அவர்கள் கொடுத்த வடிவத்தில், அப்படியே எழுதவேண்டும். "செமஸ்டர் ஃபீஸ்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பணம் போய்ச் சேரும், யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. அனுப்பி ஒரு வாரம் கழித்து ஆன்லைன் கணக்கில் புதிய செமஸ்டர் சான்றிதழ் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் வங்கி ரசீதோடு மாணவர் செயலகத்துக்கு ஒரு மெயில், இந்த முறை உங்களுக்கு சிசி கூடத் தேவையில்லை.